பிள்ளைக் கொட்டகையின் கேட்

அன்று அந்தக் கேட்டுக்கு முன்னால் நின்றவர்கள் யார் யார் என்று இப்போது கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர், மழை விட்டிருந்தும் விரித்த குடையை மடக்காமல் நின்றார். அவருக்குப் பக்கத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் மேஸ்திரி, முழங்கால் வரை களத்துச் சேறு. களை எடுக்கும் பெண் ஒருத்தி, அவள் இடுப்பில் அவளுடைய ஒன்றரை வயது மகள், வாயைச் சுற்றிப் பூஜைப் பொரி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா. கடைசியாக வந்து சேர்ந்த நான். எங்கள் கால்களுக்கு நடுவே ஒரு செம்பட்டை நாய். கொட்டகைக்குள் இருந்த மற்றப் பிள்ளைகளையும் சேர்த்தால் அவ்வளவுதான். பிற்பாடு எஸ்டேட்டில் பாதிப் பேர் "நானும் அங்கதான் நின்னேன்" என்று சொல்லிக்கொண்டார்கள். யாரும் நிற்கவில்லை.

நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையில் வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்தச் சின்னவள், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் கொட்டகையிலிருந்து வெளியே போய்விட்டாள். தானாகச் சாத்திக்கொள்ள வேண்டிய கேட் திறந்தபடி நின்றிருக்கிறது. கொட்டகைக்குக் கீழே காப்பிக்கொட்டை உலர்த்தும் களம். களத்தின் ஓரத்தில் காப்பிப்பழம் கழுவும் தொட்டி. பழ சீசன் இன்னும் ஆரம்பிக்காததால் அதில் மழைத்தண்ணீர் இடுப்பளவுக்குத் தேங்கியிருந்தது. தொட்டிக்கு இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்து நாய்க்குப் பொரி ஊட்டிக்கொண்டிருந்தவளை மேஸ்திரி பார்த்து, ஓடிப் போய்த் தூக்கி வந்தார். "இன்னொரு தடவை ஒரு பிள்ளை வெளிய வந்துச்சுன்னா நாங்க வேற ஆள் பாத்துக்குவோம்" என்று ரைட்டர் ஆயாம்மாவிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார். இது அந்த இன்னொரு தடவை. வேலை போனால் கொட்டகையை ஒட்டியிருந்த அவளுடைய ஒற்றை அறையும் போகும்.

கேட்டில் இருந்த கீல் நான் செய்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தெட்டு வயது. ஏற்காடு டவுனில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பரீட்சை என்றால் ஒரு வாரத்துக்கு முன்பே வயிற்றைக் கலக்கும். பரீட்சை முடிந்த பிறகும் நிற்காது. "இவன் உடம்புக்குப் படிப்பு ஒத்துக்கல" என்று அப்பா அடிவாரத்தில் ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டார். அங்கிருந்து மலை ஏறினேன். கலக்கமும் கூடவே ஏறியது. கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். கதவைப் பூட்டினேனா என்று மறுபடி வருவேன். கடைச் சாவியை என்னிடம் கொடுப்பதையே முதலாளி நிறுத்திவிட்டார். "நீ பூட்டினா பூட்டே தேஞ்சு போயிருதப்பா, இழுத்து இழுத்துப் பாத்து" என்பார்.

ஆயாம்மா பட்டறைக்கு வந்தது ஆடி மாதத்தில், தூறலில். ஆயாம்மா என்றதும் வயதானவள் என்று நினைத்துவிட வேண்டாம். என்னைவிட இரண்டு வயது சின்னவள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள் யாராக இருந்தாலும் அந்த எஸ்டேட்டில் ஆயாம்மாதான். பல் போன கிழவர்கள்கூட அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். இடுப்பில் யாரோ ஒருத்தியின் பிள்ளை. கையில் ஒரு துண்டில் சுற்றிய பொட்டலம். பிரித்து என் மேஜை மேல் வைத்தாள். உடைந்த கீல், இரண்டு துண்டு.

"ஏனுங்க, இதை ஒட்டிக் குடுப்பீங்களா?"

"ஒட்டலாமுங்க. ஆனா நிக்காதுங்க."

"எத்தனை நாளைக்கு நிக்கும்?"

"அதெப்படிங்க சொல்றது. நாளைக்கே உட்டாலும் உட்டுரும். கேட்டு எத்தனை கனம், கம்பம் எதுல நட்டது, தரை மேடா பள்ளமா, பிள்ளைங்க ஏறித் தொங்குமா, தொங்கினா எத்தனை பேரு..."

முதலாளி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "அம்மணி, அவன்கிட்ட எச்சாப் பேச்சு வளத்தாதீங்க. அப்புறம் உங்களுக்கும் தூக்கம் வராது."

அவள் சிரிக்கவில்லை. "எனக்கு இப்பவே தூக்கம் வர்றதில்லைங்க" என்றாள்.

அந்த ஒரு பதிலில் நான் ஒட்டும் வேலையை மறந்து அவளைப் பார்த்தேன். பிறகு அவளாகச் சொன்னாள். போன வாரம் ஒரு பையன் வெளியே போய்விட்டான். கேட் தொங்கிப்போய்த் தாழ்ப்பாள் அதன் துளையில் விழவில்லை. ரைட்டர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "கரடியூர்ல அண்ணன் ஊடு இருக்குதுங்க. போனா மொத நாள் கறிச்சோறு போடுவாங்க. ரெண்டாம் நாள் எப்பப் போறேன்னு கேப்பாங்க."

மறுநாளே கேட்டைப் பார்க்கப் போனேன். பார்த்தபோதுதான் கீல் உடைந்ததில் ஆச்சரியம் இல்லை என்று தெரிந்தது. இடுப்பளவு உயரமுள்ள பலகைக் கேட். வெளிப்பக்கம் திறக்கும், வெளியே தரையோ மேடு. பாதி திறப்பதற்குள் அடிப்பலகை மண்ணில் உரசும். உரசுகிறதே என்று தூக்கி மாட்டினால் அடியில் இடைவெளி விழும், அதில் தவழுகிற பிள்ளை தலையை நுழைத்துப் பார்க்கும். இது போதாதென்று எங்கள் மலையில் மரம் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆடி தொடங்கிக் கார்த்திகை வரை பனியும் மழையும் குடித்து உப்பும். பங்குனியில் சுருங்கும். கம்பமும் ஈர மண்ணில் இறங்கும். ஆணி அடித்து ஓரிடத்தில் நிறுத்திய கீல் எதற்கென்று ஈடுகொடுக்கும்?

ஆயாம்மா திறந்து காட்டினாள். ஒரு பிள்ளை இடுப்பில், ஒரு பிள்ளை முந்தானையைப் பிடித்துக்கொண்டு. கேட்டைக் கால் கட்டைவிரலால் தூக்கி, முழங்காலால் தள்ளி, வெளியே வந்து, முதுகால் சாத்தி, பிறகு குனிந்து தாழ்ப்பாளைக் குத்தினாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை இப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்திருப்பேன்.

திறக்கும்போது தானாக எழும்ப வேண்டும். விட்டால் தானாக வந்து சாத்த வேண்டும். மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப உயர்த்தவும் இறக்கவும் வேண்டும். இந்த மூன்றையும் மனசில் போட்டுக்கொண்டு சுற்றினேன். வழி கிடைத்தது என் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை. ஒரு லாட்ஜ் மாடிப்படிக்குக் கைப்பிடி செய்ய இரும்புக் குழாய் அறுத்துக்கொண்டிருந்தேன். நினைப்பு முழுவதும் கேட்டில். ரம்பம் கோணலாக இறங்கிவிட்டது. குழாய் சாய்வாக இரண்டு துண்டானது, சுவரில் சாய்த்த ஏணி மாதிரி ஒரு சாய்வு. முதலாளி திட்டத் திட்ட, நான் தலையைக் குனிந்துகொண்டு ஒரு துண்டின் மேல் மற்றதைப் பொருத்தி வைத்தேன். கை சும்மா இராமல் மேல் துண்டைத் திருகியது. திருகத் திருக அது கீழ்த் துண்டின் சரிவில் ஏறியது. கையை எடுத்தேன். வழுக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது.

மறுபடி திருகினேன். மறுபடி வந்தது.

"என்னப்பா, திட்டினதுக்குச் சிரிக்கறே?" என்றார் முதலாளி.

அதுதான் கீல். மேல் துண்டைக் கேட்டோடு பற்றவைத்தேன், கீழ்த் துண்டை ஒரு பெரிய நட்டின் மேல். அந்த நட்டு, கம்பத்தில் அடித்த இரும்புப் பட்டையிலிருந்து நிமிர்ந்து நிற்கும், திருகு வரி வெட்டிய மரைக் கம்பியில் ஏறும், இறங்கும். ஒரு முழுச் சுற்று சுற்றினால் கேட் ஒரு நகத்தின் தடிமன் உயரும். கேட்டின் மேல்முனையில் வெறும் வளையம், கேட் எழும்ப இடம்விட்டு. திறந்தால் கேட் சரிவில் ஏறி மண்ணுக்கு மேலே போகும். விட்டால் தன் கனத்தாலேயே இறங்கி வந்து சாத்திக்கொள்ளும். ஸ்பிரிங் இல்லை, கயிறு இல்லை, தொங்கவிட்ட கல் இல்லை.

"முப்பத்தஞ்சு ரூபாய்க்குக் குறைச்சுக் கட்டாது" என்றார் முதலாளி. ரைட்டரிடம் கேட்டதற்கு, "ஆணி வேணும்னா குடுப்போம், கயிறு வேணும்னா குடுப்போம். கீலுக்கெல்லாம் மேனேஜரைக் கேக்கோணும். மேனேஜர் மெட்ராஸ் போயிருக்காரு" என்றார். ஆயாம்மா தானே தருவதாகச் சொன்னாள், சந்தைக்குச் சந்தை கொஞ்சமாக. முதலாளியிடம் என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். ஆகவே அவள் கடன் என்னோடு.

ஆவணியில் மாட்டினோம். முதல் தடவை ஆயாம்மா கேட்டை இழுத்துத் திறந்து, இரண்டு பிள்ளைகளோடு உள்ளே வந்து, கையை விட்டாள். கேட் ஒரு கணம் யோசித்தது போல நின்றது. பிறகு மெதுவாக வந்து, தாழ்ப்பாள் துளையில் விழுந்தது. டொக்.

உள்ளே இருந்த பிள்ளைகளில் ஒன்று, "டொக்கு!" என்றது.

சந்தோஷமாகத் திரும்பியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. இது வரைக்கும் கேட் விழுந்தால் கடைக்காரன் கீல் விழுந்ததாக இருக்கும். இனி விழுந்தால் என் கீல் விழும், அதோடு அவள் வேலையும் போகும். மறுநாள் பொழுதோட, சாயங்காலம் பட்டறையைப் பூட்டியதும், ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே குறுக்குவழியில் நடந்தேன். காட்டெருமை நிற்கும் வழி அது. அதற்கும் பயந்தேன், ஆனால் கேட்டுக்குப் பயந்த அளவு இல்லை.

போனது நல்லதாயிற்று. நட்டு ஒரு பொட்டளவு நகர்ந்திருந்தது. நாள் முழுதும் கேட் திறந்து மூடும்போது கீழ்த் துண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னோடு இழுத்துவிடுகிறது. இப்படியே விட்டால் சாத்துகிற இடம் மாறி, ஒரு விரல் இடைவெளியில் நின்றுவிடும். சரிசெய்தேன். திறந்துவிட்டுப் பார்த்தேன். டொக். இன்னொரு தடவை. டொக். அதற்கு மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும்.

திருகிச் சரிசெய்யும்படி ஒரு பொருளைச் செய்து, அதை என்னைப் போன்ற ஒருவன் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அந்த ஐப்பசி வரை எஸ்டேட்டே பார்த்தது. பிள்ளைகள் எனக்கு 'டொக்கு மாமா' என்று பெயர் வைத்தன. நான் வருகிற நேரத்துக்கு வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கேட்டைத் திறந்துவிட்டு நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதுகளும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

"நீங்க வந்து திருகறதாலதானுங்க அது தளருது" என்றாள் ஆயாம்மா ஒருநாள்.

"இல்லைங்க, அது மரை இன்னும் பதியலைங்க."

"எப்பப் பதியும்?"

"கொஞ்ச நாள் ஆகுமுங்க."

"ஆகட்டும்" என்றாள். என்னைப் பார்க்காமல் ஒரு பிள்ளைக்கு மூக்கைச் சிந்திவிட்டுக்கொண்டிருந்தாள். போகும்போது கட்டங்காப்பி கொடுத்தாள், பாலில்லாமல் கருப்பட்டி போட்டது. அடுத்த நாளும் கொடுத்தாள். மூன்றாம் நாள் நான் கொஞ்சம் தாமதமாகப் போனபோது டம்ளரின் மேல் ஒரு தட்டு மூடியிருந்தது, உள்ளே காப்பி ஆறாமல் இருந்தது.

முதலாளிக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்ததோ. ஒருநாள் ஒரு நட்டை எடுத்து என் முன்னால் உருட்டினார். "அடியில ஒரு செக் நட்டுப் போட்டு இறுக்கு. மேல இருக்கறது சென்மத்துக்கும் நகராது. உனக்குத் தெரியாததா?" ஒரு நட்டின் அடியில் இன்னொரு நட்டை இறுக்கினால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பட்டறையில் கூட்டிப் பெருக்குகிறவனுக்கும் தெரியும். "போட்டுட்டா அப்புறம் நீ அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை" என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

அந்த நட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அது பையிலேயே இருந்தது.

பிறகு ஆயுத பூஜை வந்தது. பட்டறைக்காரர்களுக்கு அதுதான் பெரிய நாள். வைஸ், அரம், சுத்தியல், டார்ச்சு, சிலிண்டர், எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துப் படைப்போம். படைத்த சாமானை மறுநாள் மறுபூஜை முடியும் வரை எடுக்கக் கூடாது. என் ஸ்பேனரும் அந்த வரிசையில் பொட்டோடு படுத்திருந்தது.

"ஏனுங்க, இது ஒண்ணை மட்டும் எடுத்துட்டு..."

"தொட்டே, கையை உடைச்சிருவேன்" என்றார் முதலாளி. "சாமிக்கு வெச்சது. ஒரு நா அந்தக் கேட்டு உன் மூஞ்சியைப் பாக்காமத்தான் இருக்கட்டுமே."

ஸ்பேனர் இல்லாமல் போய் என்ன செய்வது? போகவில்லை. கேட்டை மாட்டிய பிறகு நான் போகாத ஒரே நாள் அது. ராத்திரி எத்தனை தடவை புரண்டேன் என்பதை விட்டுவிடுகிறேன்.

மறுநாள் மறுபூஜைக்குக் கற்பூரம் காட்டி முடித்ததும், பொட்டுக்கூட அழிக்காமல் ஸ்பேனரையும், கூடவே இன்னொரு ஸ்பேனரையும் ஒரு அரத்தையும் எடுத்துக்கொண்டு, முதலாளி கூப்பிடக் கூப்பிட நடந்தேன். எஸ்டேட்டில் அன்று வேலை உண்டு. தூரத்திலிருந்தே ரைட்டரின் குடை தெரிந்தது. குடைக்கு அப்பால் கேட் தெரிந்தது. அகலத் திறந்து, யாரும் பிடிக்காமல், அசையாமல் நின்றது.

"சொன்னேனா இல்லையாம்மா?" ரைட்டர் ஆயாம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

"சொன்னீங்க."

"தொட்டியில தண்ணி நிக்கறது தெரியுமில்ல?"

"தெரியுமுங்க."

 பிள்ளையின் தாய் குழந்தையின் காலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது போல.

நான் நடுவில் போய் நின்றேன்.  பையிலிருந்து நட்டை எடுத்து ரைட்டரின் முன்னால் நீட்டினேன். "ஐயா, தப்பு என்னுதுங்க. இது செக் நட்டுங்க. இதைப் போட்டிருந்தா கீல் நகந்திருக்காதுங்க. பத்து நாளா என் பையிலயே கிடக்குதுங்க."

"ஏன் போடலை?"

அந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. நட்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். "அதைப் போட்டுட்டா பொழுதோட இந்தப் பக்கம் வர்றதுக்கு என்ன சாக்குங்க இருக்குது?" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். ஆயாம்மா எங்கே பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவள் குரல் உடனே வந்தது. அது வரை ரைட்டருக்குப் பதில் சொன்ன சின்னக் குரல் அல்ல.

"அவுங்க மேல ஒரு தப்பும் இல்லைங்க. கீல் நகரல. நான்தான் நேத்துப் பொட்டு வெச்சேன். நல்லா இருக்கட்டும்னு ரெண்டு குழாயும் சேர்ற எடத்துல அப்பி வெச்சேன். அது பிடிச்சுக்கிச்சு."

"இல்லைங்க, நட்டு இல்லாததாலதானுங்க..."

"பொட்டுங்க."

"நட்டுங்க."

"இருங்கப்பா!" என்றார் ரைட்டர். "குத்தம் எனக்கு எனக்குன்னு அடிச்சுக்கறவங்களை இப்பத்தான் பாக்கறேன். மேஸ்திரி, அதைத் தூக்கிப் பாரு."

மேஸ்திரியும் நானுமாகக் கேட்டைத் தூக்கிக் கழற்றினோம். அவள் சொன்னதுதான் சரி. நட்டு நான் வைத்த இடத்தில்தான் இருந்தது. சரிவு முழுக்கச் சந்தனமும் குங்குமமும் சேர்ந்து, அதன் மேல் எண்ணெய் வடிந்து, பிசின் மாதிரி இறுகியிருந்தது. திறந்து ஏறிய கேட் வழுக்கி இறங்க முடியாமல் மேட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அது ஒரு ஆள் வைக்கக்கூடிய பொட்டாக இல்லை. ஒரு விரல் கனம் இருந்தது.

"இத்தனையுமா நீ வெச்சே?" என்றார் ரைட்டர்.

 அப்போதுதான் பிள்ளையின் தாய் வாயைத் திறந்தாள்.

"நானும் ஒண்ணு வெச்சேனுங்க."

ரைட்டர் திரும்பினார்.

"அத்தனை பேருந்தானுங்க வெச்சோம். பிள்ளைய உள்ள உட்டுட்டுப் போறப்ப, போற போக்குல ஆளுக்கொரு பொட்டு. எம்புள்ளையக் காக்கற இரும்புங்களே." கொஞ்சம் நிறுத்தி, "வெளக்கெண்ணை ஊத்தினது நான்தான்" என்றாள். "கிறீச்சுன்னு சத்தம் வந்தா தூங்கற பிள்ளைங்க எந்திரிச்சுக்குமேன்னு."

"அறிவிருக்குதா உங்களுக்கெல்லாம்? அருவா, கொத்து, மம்பட்டிக்கு வெக்கறது சரி. கேட்டுக்குப் போய் யாராச்சும் வெப்பாங்களா?"

மேஸ்திரி மறுபடி செருமினார். "நீங்கதானுங்க சந்தனத் தட்டைக் குடுத்தனுப்பிச்சீங்க. எஸ்டேட்ல ஒரு இரும்பு உடாம வெக்கோணும்னு."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் யாரும் இல்லை. ரைட்டர் சந்தனம் அப்பிய குழாயைப் பார்த்தார், தன் விரல் நுனியைப் பார்த்தார். அங்கே நேற்றைய மஞ்சள் இன்னும் போகவில்லை. இடுப்பிலிருந்த சின்னவள் அவரிடம் பொரி நீட்டினாள். நசுங்கிப்போன ஈரப் பொரி. அவர் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொள்ள ஒரு கை வேண்டியிருந்ததால் குடையை மடக்கினார்.

"ஆயாம்மாவ அனுப்பிட்டீங்கன்னா நான் எம்புள்ளைய யாருகிட்டீங்க உட்டுட்டு வருவேன்?" என்றாள் தாய். மெதுவாகத்தான் சொன்னாள். கேட்கும்போது அவள் உதடு கோணியது, அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. ஆயாம்மா போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பிள்ளை மறுக்காமல் அவள் தோளில் போய்ப் படுத்துக்கொண்டது.

 ரைட்டர் மேஸ்திரியைப் பார்த்து, "அந்தத் தொட்டிக்கு இன்னிக்கே பலகை போட்டு மூடோணும். சாக்குச் சொல்லக் கூடாது" என்றார். என் பக்கம் திரும்பினார். "நீ அந்த நட்டைப் போடு. இப்பவே. போட்டதைப் பாத்துட்டுத்தான் நான் போவேன்." ஆயாம்மாவிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் அன்று மாலை எஸ்டேட்டிலிருந்து அவளுக்கான அரிசி வழக்கம்போல வந்தது.

மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். அரம் போட்டேன். கிரீஸ் தடவினேன். செக் நட்டை அடியிலிருந்து ஏற்றி, இரண்டு ஸ்பேனராலும் எதிரெதிராகப் பிடித்து இறுக்கினேன். என் வாழ்க்கையில் நான் மனமில்லாமல் இறுக்கிய நட்டு அது ஒன்றுதான். கேட்டைத் தூக்கி மாட்டித் திறந்துவிட்டேன். வந்தது. உள்ளேயிருந்து பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் "டொக்கு!" என்றன. ரைட்டரும் தானே ஒருமுறை திறந்துவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

எல்லோரும் போனபின் நான் சாமானை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். இருந்ததே இரண்டு ஸ்பேனரும் ஒரு அரமும். அதை எடுத்து வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆயாம்மா கேட்டின் உள்பக்கம் நின்றாள். தோளில் அந்தச் சின்னவள் தூங்கிப்போயிருந்தாள்.

"இனித் தளராதுங்களா?"

"தளராதுங்க. பங்குனியில ஒருக்கா இறக்கோணும். அடுத்த ஆடிக்கு ஏத்தோணும். அவ்வளவுதானுங்க."

"வருசத்துக்கு ரெண்டு தடவை."

"ஆமாங்க."

அவள் ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முந்தானை முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். பாக்கிப் பணத்தைச் சேர்த்து வைத்திருக்கிறாள் என்று புரிந்தது. இன்றோடு எல்லாம் தீர்ந்துவிடும் என்று எண்ணியதும் எடுத்து வைத்த ஸ்பேனரை மறுபடி வெளியே எடுத்தேன்.

"இருக்கட்டுங்க. மெதுவாக் குடுங்க. அவசரமில்லைங்க" என்றேன்.

"இருக்குது, வாங்கிக்குங்க."

"நொம்ப மெதுவாக் குடுத்தாப் போதுங்க."

அவள் கை நின்றது. முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். பயந்தவனைப் பயந்தவள் பார்க்கிற பார்வைதான், ஆனால் அதில் சிரிப்பு இருந்தது. அவிழ்ந்த முடிச்சை ஒற்றைக் கையாலும் பல்லாலும் மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

"அப்படின்னா நானாக் கொண்டாந்து குடுக்க மாட்டேன். சந்தைக்குச் சந்தை நீங்கதான் வந்து கேக்கோணும்."

போய்க் கேட்டேன். ஒவ்வொரு சந்தைக்கும் கேட்டேன். "அடுத்த வாரமுங்க" என்பாள், காப்பி டம்ளரின் மேல் மூடிய தட்டை எடுத்துக்கொண்டே. தை மாதத்தில் சேர்வராயன் குகைக்கோயிலில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. குகைக்குள் குனிந்து போகும்போது, பட்டறையைப் பூட்டினார்களா என்று நான் முதலாளியிடம் கேட்டேனாம். அவள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

அந்த மாதிரிக் கீலைப் பிறகு நிறையச் செய்தேன். பங்களாக் கேட்டுகளுக்கு, மாட்டுக் கொட்டகைகளுக்கு, ஒரு ஓட்டல் சமையலறைக்கு. செக் நட்டு இல்லாமல் ஒன்றையும் அனுப்பியதில்லை. எங்கள் வீட்டுப் பின்பக்கக் கேட்டிலும் அதுதான் இருக்கிறது. ராத்திரி படுக்கப் போகுமுன் திறந்துவிட்டுப் பார்ப்பேன். டொக். இன்னொரு தடவை திறப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வரும்: "சாத்திக்கிச்சுங்க. கேட்டுச்சு. வாங்க." சில ராத்திரி அந்தக் குரல் வரத் தாமதமானால் அதற்காகவே இன்னொரு தடவை திறப்பேன்.

சண்டை முற்றிப்போகிற அன்று மட்டும் அவள் கையை முந்தானைப் பக்கம் கொண்டுபோய், "இந்தாங்க, உங்க பாக்கியை இன்னிக்கே தீத்தர்றேன்" என்பாள். நான் அதற்குமேல் பேச மாட்டேன். முப்பத்தைந்து ரூபாயில் அவள் கொடுத்தது இருபத்துநான்கு. மீதி பதினோரு ரூபாய் இன்னும் வரவேண்டியிருக்கிறது.